பேரை மாத்தலாம், பழைய வண்டி நிக்கக்கூடாது

காரைக்கால் பாரதியார் ரோட்ல போற வண்டிகளைப் பாருங்க: பிஒய் 02. 2006 அக்டோபரில் பாண்டிச்சேரி, புதுச்சேரி ஆனது. நம்பர் பிளேட் மாறல. தெலங்கானாவில் 2024 மார்ச்சில் டிஎஸ் போய் டிஜி வந்தது. ஆனா அது புது வண்டிகளுக்கு மட்டும். பழைய டிஎஸ் வண்டி அதே போர்டோட ஓடலாம்.

சாஃப்ட்வேரிலும் இதே பிரச்சினைதான். நான் சொதப்பின கதையோட ஆரம்பிக்கிறேன்.

லேப்ல விர்ச்சுவல் மெஷின் கிளப்ப ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வச்சிருந்தோம். கோடை அழகாக்குறேன்னு 'ரேம்' என்ற பாராமீட்டரை 'மெமரி'ன்னு மாத்தினேன். அப்படியே டீஃபால்ட் மதிப்பையும் 2048 எம்பியிலிருந்து 1024 ஆக்கினேன். பேர் மாறினதால எரர் வந்தது, ஜூனியர்ஸ் அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிட்டாங்க. ஆனா எதுவுமே கொடுக்காம டீஃபால்ட்டை நம்பின ஒரு டீமுக்கு எரரே வரல. ஒரு வாரம் எடுத்த ரீடிங்ல பாதி 2 ஜிபியில், மீதி 1 ஜிபியில். ரிவ்யூவுக்கு முந்தின நாள்தான் தெரிஞ்சது. முழுசா திரும்ப எடுத்தாங்க.

அதுக்கப்புறம்தான் கியூஎமு இதை எப்படிச் சமாளிக்குதுன்னு படிச்சேன். 2003ல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் எமுலேட்டர் இது. அங்கே இந்த ரெண்டு மாற்றத்துக்கும் தனித்தனி வழி இருக்கு.

முதல்ல, பேர் மாற்றம். ஏசிபிஐயை அணைக்க முன்னாடி 'நோ-ஏசிபிஐ'ன்னு தனி ஆப்ஷன் இருந்தது. அதை 'மெஷின்' ஆப்ஷனுக்குள்ள 'ஏசிபிஐ=ஆஃப்'னு கொண்டு வந்தாங்க. பழசை உடனே தூக்கல. 2023ல் வந்த 8.0 பதிப்பில் 'இது போகப்போகுது'ன்னு அறிவிச்சாங்க, 2024ல் வந்த 9.0ல்தான் எடுத்தாங்க. அறிவிச்ச பதிப்பையும் சேர்த்து குறைஞ்சது ரெண்டு பதிப்புக்குப் பழசு வேலை செய்யணும். அதுதான் அவங்க விதி.

அடுத்தது டீஃபால்ட் மாற்றம். இதுதான் ஆபத்து. ஓடிக்கிட்டிருக்கிற மெஷினை நிறுத்தாம இன்னொரு சர்வருக்கு நகர்த்துறதை லைவ் மைக்ரேஷன்னு சொல்வாங்க. அந்த சர்வர்ல புது கியூஎமு இருந்து, டிவைஸோட டீஃபால்ட்டும் மாறியிருந்தா, வந்து சேர்ற நிலை அங்கே பொருந்தாது. அதனால மெஷின் வகைக்கே பதிப்பு எண் போடுறாங்க. 'பிசி 2.6'னு கேட்டா, அந்த வகையை ஆதரிக்கிற வரைக்கும், புது கியூஎமுவா இருந்தாலும் 2.6 காலத்து டீஃபால்ட்டைத்தான் கொடுக்கணும். 2016ல் 2.7 வந்தப்போ வர்ட்டிஐஓ டிவைஸ்களில் 1.0 முறை தானாவே ஆன் ஆச்சு. ஆனா 2.6க்கான பட்டியலில் 'மாடர்ன் முறையை அணை'ன்னு ஒரு வரி சேர்த்துட்டாங்க. டிஎஸ் போர்டு மாதிரிதான்: பிறந்த வருஷத்து அடையாளம் வண்டியோடவே போகுது.

அந்த அளவு பெரிய கோடு நம்ம ப்ராஜெக்ட்டில் இருக்காது. ஆனா வழி ஒண்ணுதான். பேரை மாத்தினா, பழைய பேரையும் வாங்கிக்கிட்டு ஒரு வார்னிங் காட்டுங்க. எப்போ எடுக்கப்போறீங்கன்னும் அதிலேயே எழுதிடுங்க. டீஃபால்ட்டை மாத்தினா, பதிப்பு எண்ணை ஏத்தி, பழைய எண்ணுக்குப் பழைய மதிப்பையே விட்டுடுங்க. முக்கியமா, ரெண்டையும் ஒரே கமிட்டில் செய்யாதீங்க. பேர் மாற்றம் போட்ட சத்தத்தில், என் டீஃபால்ட் மாற்றத்தை யாரும் கவனிக்கவே இல்ல.