காக்ஸ் டவுனில் கூடி நடப்போர்

பிழைப்பின் பொருட்டோ பணியிட மாற்றத்தின் பொருட்டோ வெளி மாநிலம் சென்று குடியேறிய தமிழர் ஒருவரிடம், "உங்கள் தெருவில் உங்களைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர் எத்தனை பேர்?" என்று வினவிப் பாருங்கள். அவர் சற்றே தயங்குவார். அலுவலகத்தில் அவருக்கு நண்பர்கள் உண்டு. பொங்கல் விழாவில் சந்திக்கும் தமிழ் அன்பர்கள் உண்டு. ஊரிலுள்ள உற்றார் உறவினரோடு தொலைபேசியில் நாள்தோறும் உரையாடவும் செய்கிறார். ஆயினும் சுவருக்கு அப்பால் வாழ்பவர் யார் என்பது பல சமயங்களில் அவருக்குத் தெரிவதில்லை. நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் ஓடிச் சென்று கதவைத் தட்ட ஒரு வீடு வேண்டுமல்லவா? அந்த வீட்டை எவ்வாறு தேடிக்கொள்வது? இவ்வினாவிற்குப் பெங்களூரு மாநகரின் காக்ஸ் டவுன் பகுதியில் நாம் கண்ட எளிய விடையொன்றை இங்கு விளக்க முற்படுகிறோம். வாரம் ஒரு முறை அண்டை அயலார் ஒன்றுகூடி நடப்பதும் ஓடுவதுமே அவ்விடை.

காக்ஸ் டவுன் பழைய கண்டோன்மெண்டைச் சேர்ந்த பகுதி. அங்குக் கலெக்டராக இருந்த காக்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் பெயரே அதற்கு இடப்பட்டது. 1809-ஆம் ஆண்டில் அல்சூருக்கு அருகில் ஆங்கிலேயரின் படை நிலைகொண்டபோது, சென்னை மாகாணப் படையோடு தமிழர் பலர் இங்கு வந்தனர். சிப்பாய்கள் வந்தனர், அவர்களுக்குப் பண்டம் விற்கும் வணிகர் வந்தனர், கட்டடம் எழுப்பும் தொழிலாளர் வந்தனர். 1947-இல் கண்டோன்மெண்டு மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1949-இல் நகரமும் கண்டோன்மெண்டும் ஒரே மாநகராட்சியின்கீழ் இணைந்தன. இன்று இப்பகுதியில் தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு, மலையாளம், ஆங்கிலம் ஆகிய மொழிகள் ஒரே கடைவாசலில் கலந்து ஒலிப்பதைக் கேட்கலாம். ஆனால் ஒரே கடையில் பால் வாங்குவதனால் மட்டும் அறிமுகம் உண்டாகிவிடுவதில்லை. பழைய ஓட்டு வீடுகள் அடுக்குமாடிகளாக மாறிவரும் இந்நாளில், திண்ணையில் அமர்ந்து பேசும் வாய்ப்பும் மறைந்து வருகிறது.

திண்ணை போன பின்னர் அதன் வேலையைச் செய்ய வேறொன்று வேண்டியிருக்கிறது. நாம் சேர்ந்திருக்கும் குழுவிற்குப் பெயர் கிடையாது, தலைவரும் கிடையாது, சந்தாவும் கிடையாது. ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு ஒரு தெருமுனையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். கடலினின்று ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரமாதலால், கோடையிலும் விடியற்பொழுது குளிர்ச்சியாகவே இருக்கும். அங்கிருந்து அல்சூர் ஏரிப் பக்கம் சென்று திரும்புவோம். ஓடக்கூடியவர் ஓடுவர், மற்றவர் நடப்பர். திரும்பி வந்ததும் ஒரு சிற்றுண்டிக் கடையின் வாசலில் நின்று காப்பி அருந்துவோம். பின்னர் அவரவர் வீட்டிற்குச் செல்வோம். இவ்வளவே நிகழ்ச்சி நிரல்.

இவ்வளவு சிறிய ஏற்பாடு நிலைத்து நிற்பதற்குக் காரணம் இரண்டு விதிகள். முதலாவது, நாளும் நேரமும் இடமும் மாறக்கூடாது. "இந்த வாரம் எப்போது, எங்கே?" என்று கேட்டுக் கேட்டு முடிவு செய்யும் கூட்டம் மூன்றாம் வாரத்திலேயே கலைந்துவிடும். மழை பெய்தாலும் ஆறு மணிக்கு அந்த முனையில் ஒருவரேனும் நிற்பார் என்னும் நம்பிக்கைதான் மற்றவரைப் படுக்கையினின்றும் எழுப்புகிறது. இரண்டாவது, கடைசியாக வருபவர் வந்து சேரும் வரை எவரும் காப்பி அருந்தலாகாது. வேகம் அவரவர் விருப்பம். காத்திருப்பதோ அனைவர்க்கும் கடமை.

இவ்விரண்டாம் விதி நாம் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. தமிழர் பெருந்தொகையாக வாழும் கோலாலம்பூரில் 1938-ஆம் ஆண்டில் கிஸ்பர்ட் என்னும் ஆங்கிலேயக் கணக்காய்வாளரும் அவருடைய நண்பர்களும் 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' என்ற ஓட்டக் குழுவைத் தொடங்கினர். ஒருவர் முன்னரே சென்று காகிதத் துண்டுகளைத் தூவி வழி அமைப்பார். மற்றவர் அவ்வழியைத் தேடிக்கொண்டு ஓடுவர். இடையிடையே பொய் வழிகளும் அமைக்கப்படும். முந்தி ஓடுபவர் பொய் வழியில் சென்று, ஏமாந்து, திரும்பி வருவதற்குள் பிந்தியவர் வந்து சேர்ந்துவிடுவர். வலியவரும் மெலியவரும் பிரிந்து போகாமல் ஒரே கூட்டமாக இருப்பதற்கு இவ்வளவு எளிய உபாயத்தை அவர்கள் கையாண்டனர். கிஸ்பர்ட் 1942-இல் சிங்கப்பூர்ப் போரில் உயிர் நீத்தார். போருக்குப் பின்னர் அவருடைய தோழர்கள் ஓட்டத்தை மீண்டும் தொடங்கினர். இன்று அம்முறையைப் பின்பற்றும் குழுக்கள் உலகின் பல நாடுகளில் இயங்குகின்றன. அக்குழுவைத் தொடங்கியவர்களும் சொந்த நாட்டை விட்டு வந்து வாழ்ந்தவர்களே என்பது கருதத்தக்கது.

நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரில் 1962-இல் ஆர்தர் லிடியார்டு என்னும் பயிற்சியாளர், நடுவயதினரும் இதய நோயுற்றுத் தேறியவரும் மெல்லோட்டம் பழகுவதற்கு வழிகாட்டினார். பக்கத்தில் வருபவரோடு பேச முடியாத அளவிற்கு மூச்சு வாங்கினால் வேகம் மிகுந்துவிட்டது என்பது அவர்கள் கொண்ட அளவுகோல். அதே ஆண்டின் இறுதியில் அங்குச் சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் இம்முறையைக் கண்டு வியந்து தம் நாட்டிலும் பரப்பினார். மருத்துவர்கள் இன்றும் இந்தப் 'பேச்சுச் சோதனை'யைப் பரிந்துரைக்கின்றனர். பேச்சுக்கு இடமளிக்கும் வேகமே உடலுக்கும் ஏற்ற வேகம் என்றால், தோழமையும் ஆரோக்கியமும் ஒரே பாதையில் செல்வதாகாதா?

இலண்டன் மாநகரில் 2004-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் புஷி பூங்காவில் பதின்மூவர் கூடி 5 கிலோ மீட்டர் ஓடினர். அதனை ஏற்பாடு செய்தவர் பால் சிண்டன் ஹியூவிட். காயமுற்றுத் தாம் ஓட இயலாதிருந்த நேரத்தில், நண்பர்களைப் பிரிந்திருக்க மனமின்றி, அவர்களை ஓடச் செய்து நேரம் குறித்துக் கொடுத்தார். பார்க்ரன் என்று பெயர் பெற்று உலகெங்கும் வாரந்தோறும் கட்டணமின்றி நடைபெறும் நிகழ்ச்சிக்கு இதுவே தோற்றுவாய். நடந்தே வருபவரும் அங்கு வரவேற்கப்படுகின்றனர். அனைவருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தொண்டர் நியமிக்கப்படுவதால், வேறு எவரும் கடைசியாக வந்தோமே என்று நாண வேண்டியதில்லை.

கூடி நடப்பது மனிதரை ஏன் பிணைக்கிறது? எதிரெதிரே அமர்ந்து பேசும்போது முகம் பார்த்தாக வேண்டும். விடை கூறியாக வேண்டும். பக்கம் பக்கமாக நடக்கும்போது இருவர் பார்வையும் வழியின்மீது இருக்கிறது. பேச்சு நின்றாலும் குற்றமில்லை. காலடி ஓசை அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. ஆகவே, வரவேற்பறையில் வெளிவராத மனச்சுமை ஏரிக்கரையில் தானாகவே வெளிப்படுகிறது. இதற்கு உடலியல் சார்ந்த காரணமும் உண்டெனத் தோன்றுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் படகோட்டிகளைக் கொண்டு நிகழ்த்தி 2009-இல் வெளியிடப்பெற்ற ஆய்வில், ஒரே அளவு பயிற்சியைத் தனியே செய்தபோது இருந்ததைவிட, சேர்ந்து செய்தபோது வலி தாங்கும் ஆற்றல் மிகுந்திருந்தது. மூளையில் சுரக்கும் என்டார்ஃபின் இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர். அது சிறிய ஆய்வுதான். எனினும் சேர்ந்து ஏற்றம் இறைத்தவரும், பாட்டோடு நாற்று நட்டவரும் அனுபவத்தால் அறிந்திருந்த உண்மைக்கு அது மாறானதன்று.

இதன் பயனை நாம் நேரில் உணர்ந்தது ஒரு மழைக்கால ஞாயிறன்று. நம் குழுவில் ஒரு தமிழ்ப் பெரியவர் இருக்கிறார். துணைவியாரை இழந்தவர், மக்கள் இருவரும் கடல் கடந்து வாழ்கின்றனர். வர இயலாவிட்டால் முதல் நாளே சொல்லிவிடும் வழக்கமுடையவர் அன்று சொல்லாமலே வரவில்லை. நமக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. மழையென்று இருந்திருப்பார் என எண்ணினோம். உருது பேசும் மெக்கானிக் ஒருவரும் கன்னட ஆசிரியை ஒருவரும் மட்டும், "சொல்லாமல் இருப்பவர் அல்லரே!" என்று கூறி, நடையைப் பாதியில் விட்டு அவர் இல்லத்திற்குச் சென்றனர். நெடுநேரம் தட்டிய பின்னரே கதவு திறந்தது. கடுங்காய்ச்சலால் இரண்டு நாளாக எழ முடியாமல் கிடந்திருக்கிறார். அதே மாடியிலிருந்த மற்ற வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது. மருத்துவமனையில் சேர்த்துப் பிழைத்து வந்தார். மழை என்று எண்ணி வாளாவிருந்த நாம் அன்று நாணினோம். ஒருவர் வராததை இன்னொருவர் கவனிக்கிறார் என்பதே இத்தகைய குழுவின் முதற்பயன்; மற்றவையெல்லாம் அதன் பின்னர்தான்.

குழுவில் எம்மொழி பேசுவது என்னும் வினாவும் எழலாம். தமிழர் மட்டுமே கூடி நடப்பது எளிது. ஆனால் அது அயலாரை அயலாராகவே வைத்துவிடும். 1991-ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2016-ஆம் ஆண்டு செப்டம்பரிலும் காவிரி நீர்ப் பிணக்கினால் இந்நகரில் கலவரம் மூண்டதை நாம் மறப்பதற்கில்லை. அத்தகைய நாள்களில் ஒரு குடும்பத்திற்குத் துணையாவது, அதன் முகமறிந்த பக்கத்து வீட்டாரே. காக்ஸ் டவுனுக்குக் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் பெயரால் சர்வக்ஞ நகர் என்னும் பெயரும் உண்டு. நாம் நடந்து செல்லும் அல்சூர் ஏரியின் அருகே திருவள்ளுவர் சிலை நிற்கிறது. பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டிருந்த அச்சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்து வைக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இரு அரசுகள் செய்த அந்த நற்செயலைத் தெருவளவில் தொடர்வது மக்களின் கையில் இருக்கிறது. காப்பிக் கடை வாசலில் வாரம் நான்கு கன்னடச் சொற்கள் கற்றால், ஓராண்டில் இருநூறு சொற்கள் சேர்ந்துவிடும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் நடந்துவிட்டுப் போதுமென்று இருத்தலாகாது. வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. இலண்டன் பேருந்துகளின் மாடிப்படிகளில் நாள் முழுதும் ஏறியிறங்கிய நடத்துநர்களுக்கு, அமர்ந்தே வேலை செய்த ஓட்டுநர்களைவிட இதய நோய் குறைவென்று 1953-லேயே ஜெரமி மோரிஸ் என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். அன்றாட உழைப்பே உடலைக் காக்கும் என்பது இதனால் விளங்கும். ஞாயிறன்று கூடுவது மற்ற நாள்களுக்குரிய ஊக்கத்தைத் தருகிறது, அவற்றுக்கு ஈடாகிவிடாது. இதய நோயோ மூட்டு நோயோ உடையவர் மருத்துவரைக் கேட்ட பின்னரே ஓடத் தொடங்க வேண்டும்.

குழு தொடங்க நிதி வேண்டியதில்லை. இருவர் போதும். எளிதில் அடையாளம் காணக்கூடிய ஒரு முனையையும் மாறாத ஒரு நேரத்தையும் தேர்ந்தெடுங்கள். பெண்களும் முதியோரும் இருள் பிரியாத வேளையில் தனியே செல்ல அஞ்சும் தெருக்களில், நாலுபேர் சேர்ந்து போனால் நாய்க்கும் அஞ்ச வேண்டாம், உடைந்த நடைபாதைக்கும் அஞ்ச வேண்டாம். முதல் மாதத்தில் இருவராகவே நடக்க நேரிடலாம். அதனால் மனந்தளர வேண்டாம். நாள்தோறும் பார்ப்பவர் ஒரு நாள் தாமும் வரலாமா என்று கேட்பார்.

தில்லியில் வாழும் தமிழரும், மும்பையில் வாழும் தமிழரும், கொல்கத்தாவில் வாழும் தமிழரும் வருகின்ற ஞாயிறன்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "சற்று நடந்து வரலாமா?" என்று அந்த ஊர் மொழியில் கேட்டுப் பார்க்கட்டும். இடர் வந்த நாளில் தட்ட வேண்டிய கதவை நலமாக இருக்கும் நாளிலேயே ஒரு முறை தட்டி வைப்பது நல்லதல்லவா?