எண்ணெயில் ஏறி இறங்கும் செம்பு

கறுத்துப்போன செப்புக் குடத்தைப் புளியிட்டுத் தேய்த்தால் அது பளபளவென்று மின்னும் என்பதை நம் இல்லங்களில் அறியாதார் இலர். புளியிலுள்ள அமிலம், செம்பின் மேற்படிந்த கறையைக் கரைத்து நீரிற் சேர்த்துவிடுகிறது. கழுவி ஊற்றும் நீருடன் சிறிது செம்பும் போய்விடுகிறது. அவ்வாறு போன செம்பை நீரிலிருந்து மீட்டெடுக்க இயலுமா?

செம்புச் சுரங்கங்களில் இது பெருங்கேள்வியாகவே நின்றது. செம்பு குறைந்த தாதுக் கற்களைக் குவித்து, அவற்றின்மேல் ஐதான சல்பூரிக்கமிலத்தைத் தெளித்தால் நீல நிறக் கரைசலொன்று வடியும். அதில் லீற்றருக்குச் சில கிராம் செம்பே இருக்கும்; இரும்பு முதலிய பிற உலோகங்களும் கலந்திருக்கும். முற்காலத்தில் அக்கரைசலிற் பழைய இரும்புத் துண்டுகளை இட்டனர். இரும்பு கரைய, செம்பு தூளாகப் படிந்தது. ஆயினும் அத்தூளை மீண்டும் உருக்கிச் சுத்திகரிக்க வேண்டியிருந்தது.

இவ்விடத்தேதான் ‘கரைப்பான் பிரித்தெடுப்பு’ கைகொடுத்தது. நீரும் எண்ணெயும் ஒன்றாகா என்பது அடுக்களை அறிந்த உண்மை. மண்ணெண்ணெய் போன்றதோர் எண்ணெயில் ‘ஒட்சைம்’ வகைச் சேர்வையொன்றைக் கரைத்து, அதனைச் செம்புக் கரைசலுடன் நன்கு கலக்குகின்றனர். அச்சேர்வை இரும்பைப் பெரும்பாலும் விடுத்து, செம்பைப் பற்றிக்கொள்கிறது. பற்றும்போது தன்னிடமுள்ள ஐதரசனை நீருக்குக் கொடுக்கிறது. கலக்குவதை நிறுத்தியதும் எண்ணெய் செம்புடன் மேலே மிதக்கும். கீழே நிற்கும் நீர், இழந்த அமிலத்தை மீளப் பெற்றுத் தாதுக் குவியலுக்கே திரும்பிச் செல்லும்.

பற்றிய செம்பை எண்ணெய் விடுவது எங்ஙனம்? அதற்கும் அமிலமே வழி. லீற்றருக்குச் சுமார் 180 கிராம் கொண்ட கடும் அமிலத்துடன் அவ்வெண்ணெயைக் கலக்கினால், சேர்வை ஐதரசனை வாங்கிக்கொண்டு செம்பை விட்டுவிடும். இப்பொழுது கரைசலில் லீற்றருக்கு 40 கிராமுக்கு மேற் செம்பு செறிந்திருக்கும். அதனூடே மின்சாரத்தைச் செலுத்த, 99.99 சதவீதத் தூய்மையுள்ள தகடாகச் செம்பு படியும். வெறுமையான எண்ணெயோ பழைய பணிக்கே மீளும்.

1968ஆம் ஆண்டில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள புளூபேர்ட் சுரங்கத்திலே இம்முறை செம்புக்கு முதன்முதலாகத் தொழிலளவிற் கையாளப்பட்டது. சேர்வையை ஆக்கியளித்த ஜெனரல் மில்ஸ் நிறுவனமோ கோதுமை மாவுக்கும் காலையுணவுத் தானியங்களுக்கும் பேர்பெற்றது என்பது வியப்பன்றோ!

இத்தனை முயற்சியும் செம்பின் விலைக்காக மட்டுமே என்று நாம் கருதலாகாது. உலோகங் கரைந்த அமில நீரைக் கேட்பாரற்று விட்டுவிட்டால் அது நஞ்சாகும். அந்நாட்டின் மொன்டானா மாநிலத்தில் பேர்க்லி என்னும் பெரிய செம்புக் குழி உண்டு. 1982இல் அங்கே சுரங்க நீரிறைப்பு நிறுத்தப்பட, அத்தகைய நீர் பெருகி ஏரியாயிற்று. 1995 நவம்பரில், வலசை போகும் வழியில் அதில் இறங்கிய பனி வாத்துகளுள் 342 மாண்டன.

அமிலம் பலவற்றைக் கரைத்துத் தரும். கரைத்ததைக் கணக்காகத் திரும்பப் பெறுவது மனிதனின் கடமை. இரசாயனம் பயிலும் நம் இளைஞர்கள், குடம் மினுக்கும் அன்னையின் அருகே நின்று இதனைச் சற்றே சிந்திப்பார்களாக.