மண்ணெண்ணெய் அடுப்பு: நீங்களே துப்புரவு செய்து பாவிக்கலாம்

ஊர் திரும்பிய முதல் மாதங்களில் நீங்கள் தறப்பாள் கொட்டிலிலோ தற்காலிக வீட்டிலோ இருக்க நேரிடலாம். மாரியில் விறகு நனைந்துவிட்டால் மண்ணெண்ணெய் அடுப்புத்தான் கைகொடுக்கும். ஆனால் தறப்பாளும் கிடுகும் நெருப்புப் பட்டால் சில நிமிடங்களில் எரிந்துவிடும். எனவே நெடுநாள் பாவிக்காத அடுப்பை அப்படியே பற்ற வைக்க வேண்டாம்.

கவனிக்க: அடுப்பைத் திருத்துவதற்கென்று வளவுக்குள் கிடக்கும் இரும்பு, தகரத் துண்டுகளைப் பொறுக்க வேண்டாம். அவை வெடிபொருட்களாக இருக்கலாம். சந்தேகமான பொருளைத் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

1. எண்ணெய்த் தாங்கி

பழைய எண்ணெயை ஒரு பாத்திரத்தில் வடித்தெடுங்கள். கிணற்றுக்கு அருகில் ஊற்ற வேண்டாம், குடிதண்ணீர் கெட்டுவிடும். தாங்கியின் அடியில் தண்ணீரும் துருவும் தங்கியிருக்கும். தண்ணீர் எண்ணெயை விடப் பாரமானது என்பதால் அடியிலேயே நிற்கும். அது திரியில் ஏறினால் சுவாலை சடசடக்கும், அணையும். சிறிது புதிய எண்ணெய் விட்டுக் குலுக்கி வடித்து, வெயிலில் காய விடுங்கள்.

பின்னர் கொஞ்ச எண்ணெய் விட்டு, வெளியே காய்ந்த மட்டையின் மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் மட்டையில் எண்ணெய்க் கறை இருந்தால் தாங்கி ஒழுகுகிறது. அந்த அடுப்பைப் பாவிக்க வேண்டாம். சவர்க்காரம் பூசி அடைப்பது நிலைக்காது.

2. திரி

கருகிய நுனியைக் கூரான கத்தரிக்கோலால் நேராக வெட்டுங்கள். எல்லாத் திரிகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தாங்கியின் அடியைத் தொடாத அளவுக்குக் குறுகிய திரியை மாற்றுங்கள். பருத்தித் திரியே நல்லது. புதுத் திரி போட்டால், எண்ணெய் விட்டு அரை மணித்தியாலம் ஊறிய பின்னரே பற்ற வையுங்கள்.

3. துளையுள்ள உருளைகள்

சுவாலைக்கு வேண்டிய காற்று இந்தத் துளைகளால்தான் வருகிறது. புகைக்கரி அடைத்திருந்தால் காய்ந்த துரிகையால் தேய்த்து, ஆணியால் துளைகளைத் திறந்துவிடுங்கள். உருளைகளை ஆடாமல் சரியாகப் பொருத்துங்கள்.

சுவாலை நீலமாக இருந்தால் அடுப்பு சரியாக எரிகிறது. மஞ்சளாக எரிந்து புகைத்தால் காற்றுப் போதவில்லை, அல்லது திரி கூடுதலாக உயர்ந்துள்ளது. அப்போது எண்ணெயும் வீணாகும், பாத்திரமும் கரி பிடிக்கும்.

4. பாவிக்கும்போது

- அடுப்பைச் சமதரையில், கல்லின் மேல் வையுங்கள். தறப்பாள், கிடுகு, துணி அருகில் இருக்கக் கூடாது.
- அணைத்து, ஆறிய பின்னரே எண்ணெய் விடுங்கள். தாங்கியின் முக்கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம். முற்றாக வற்றவும் விட வேண்டாம், திரி கருகும்.
- மண்ணெண்ணெயுடன் பெற்றோல் சிறிதும் கலக்கக் கூடாது. பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பற்றும் ஆவியை விடும், அடுப்பு வெடித்தெரியலாம்.
- சமைக்கும்போது வாசலைத் திறந்து வையுங்கள். அடுப்பை எரியவிட்டு உறங்க வேண்டாம். அடைத்த இடத்தில் சேரும் நச்சு வாயு உயிரைப் பறிக்கும்.
- அருகில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் நெருப்பு பரவும். மணலையோ நனைத்த சாக்கையோ போட்டு மூடுங்கள்.

5. பிள்ளைகள்

மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ வைக்க வேண்டாம். தாகத்தில் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. எண்ணெய் சுவாசப்பைக்குள் போனால் ஆபத்து அதிகம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நெருப்புச் சுட்ட இடத்தில் பற்பசை, எண்ணெய் எதுவும் பூசாமல், சுத்தமான குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். பின்னர் சுத்தமான துணியால் மூடி வைத்தியரிடம் காட்டுங்கள்.

வாரம் ஒருமுறை திரியையும் துளைகளையும் பார்த்துக்கொண்டால் போதும். அயலில் தனியாக இருக்கும் முதியவர்களின் அடுப்பையும் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்.