கார் ஏற்றுமதியும் கப்பல் கட்டணமும்

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையில் உருவாகும் சிறிய கார் ஒன்றின் எடை ஏறத்தாழ ஒரு டன். அது கப்பலில் அடைக்கும் இடமோ சுமார் 10 கன மீட்டர். அவ்வளவு இடத்தில் நீரை நிரப்பினால் 10 டன் இருக்கும். கார் என்பது பெரும்பாலும் காற்றைச் சுமந்து செல்லும் சரக்கு எனலாம். ஆகவே, கப்பல் நிறுவனங்கள் எடையைக் கருதாமல் இடத்தைக் கணக்கிட்டே கட்டணம் விதிக்கின்றன.

இதற்கெனக் கட்டப்படும் கப்பல்கள் பத்துப் பன்னிரண்டு தளங்கள் கொண்ட மிதக்கும் கொட்டகைகளே. பாரந்தூக்கிக்கு இங்கு வேலையில்லை. சாய்தளம் வழியே ஓட்டுநர்கள் கார்களை உள்ளே செலுத்தி, ஒன்றையொன்று உரசாத அளவுக்கே இடைவெளி விட்டு நிறுத்துகின்றனர். கப்பலின் கொள்ளளவுக்கு 1966ஆம் ஆண்டின் டொயோட்டா கொரோனா காரே இன்றும் அளவுகோல். அவ்வளவின்படி 6,500 கார்களை ஏற்றும் கப்பல்கள் சாதாரணமானவை.

அத்தகைய கப்பலின் நாள் வாடகை 2020இல் சுமார் 10,000 டாலராக வீழ்ந்திருந்தது. 2023இல் ஒரு இலட்சம் டாலரைத் தாண்டியது. முப்பது நாள் பயணத்திற்குக் கணக்கிட்டால், எரிபொருள் நீங்கலாக, ஒரு காரின் மீது விழும் வாடகை 46 டாலரிலிருந்து 460 டாலராக உயர்கிறது. கப்பல் பாதி நிறைந்து புறப்பட்டால் இதுவும் இரட்டிப்பாகும். விலையுயர்ந்த காருக்கு இது பெருஞ்சுமை அன்று. ஐந்து மடங்கு விலையுள்ள கார் ஐந்து மடங்கு இடத்தை அடைப்பதில்லை அல்லவா! ஆனால் இலத்தீன் அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நாம் அனுப்புபவை பெரும்பாலும் குறைந்த விலைக் கார்கள். இலாபம் குறைவாக உள்ள இடத்திலேயே கட்டணம் வலுவாகத் தாக்குகிறது.

வேறொரு சிக்கலும் உண்டு. உயர்ந்த சுங்க வரியின் காரணமாக, முழுமையாக உருவான கார்கள் நம் நாட்டிற்கு மிகக் குறைவாகவே இறக்குமதியாகின்றன. எனவே, சென்னைக்கோ எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கோ நிறைந்து வந்து நிறைந்து திரும்பும் கப்பல் அரிது. கிழக்காசியாவிலிருந்து மேற்கே செல்லும் வழியில், எஞ்சிய இடத்தை நிரப்பிக்கொள்ள வரும் கப்பல்களும் உண்டு. 2023இல் சீனா ஜப்பானை விஞ்சி முதல் ஏற்றுமதி நாடானபின் அந்த எஞ்சிய இடத்திற்கும் போட்டி மிகுந்தது. பெரிய கார்க் கப்பல் நிறுவனங்கள் ஜப்பான், நார்வே, தென் கொரியா முதலிய நாடுகளைச் சேர்ந்தவை. ஆதலால், ஈட்டும் அந்நியச் செலாவணியில் ஒரு பங்கு கட்டணமாகவே வெளியேறிவிடுகிறது.

காரைப் பகுதிகளாகப் பிரித்துக் கொள்கலன்களில் அனுப்பினால் காற்றுக்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் அவற்றைப் பொருத்தும் ஆலை வாங்கும் நாட்டில் அமைய வேண்டும். இங்குள்ள தொழிலாளரின் வேலையில் ஒரு பகுதியும் அங்கே சென்றுவிடும்.