போர் முடிந்து 80 ஆண்டுகள் ஆச்சு... பழைய ராணுவ ஜீப்புகள் ஏன் இன்னும் ஒன்றுகூடுகின்றன?

ஜூன் முதல் வாரம். பிரான்ஸின் நார்மண்டி கிராமங்களில், இரண்டு பக்கமும் வேலிச்செடி வளர்ந்த குறுகலான சாலைகளில் ஒரு பச்சை வரிசை நகர்கிறது. முன்னால் ஜீப்புகள், நடுவில் ஆறு, பத்து சக்கர லாரிகள், பின்னால் மோட்டார் சைக்கிள்கள். பானட்டில் வெள்ளை நட்சத்திரம். ஓட்டுபவர்கள் சீருடையில் இருக்கிறார்கள். ஆனால், அவர்கள் ராணுவ வீரர்கள் இல்லை. ஒருவர் பள்ளி ஆசிரியராக இருக்கலாம், இன்னொருவர் ஓய்வுபெற்ற மெக்கானிக்காக இருக்கலாம்.

1944 ஜூன் 6-ம் தேதி நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் தரையிறங்கிய நாளை நினைவுகூர ஆண்டுதோறும் நடக்கும் கூட்டம் இது. இங்கிலாந்து, நெதர்லாந்து, அமெரிக்கா என பல நாடுகளில் இதேபோல பழைய ராணுவ வாகனத் திருவிழாக்கள் நடக்கின்றன. சொந்தக் காசைப் போட்டு, வருடக்கணக்கில் உழைத்து, ஒரு பழைய லாரியை ஓட வைத்து, அதை இன்னொரு நாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

எதற்காக இவ்வளவு மெனக்கெடல்? அங்கே என்னதான் நடக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

இந்த வாகனங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன?

இரண்டாம் உலகப் போரில் வாகனங்கள் நம்ப முடியாத எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டன. ஜீப் மட்டும் சுமார் 6.4 லட்சம். வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு நிறுவனங்கள் ஒரே வடிவமைப்பில் தயாரித்தன. ஜிஎம்சி நிறுவனத்தின் இரண்டரை டன் லாரி 5 லட்சத்துக்கும் மேல்.

1945-ல் போர் முடிந்தது. இத்தனை வண்டிகளை என்ன செய்வது? பெரும்பகுதி உடைத்து இரும்புக்குப் போனது. மிச்சத்தை அரசுகள் விற்றன. ஐரோப்பாவில் விவசாயிகள் ஜீப்பை வயலில் இறக்கினார்கள். பீரங்கி இழுத்த லாரிகள் காட்டிலிருந்து மரம் இழுத்தன, ஊர் ஊராகப் போகும் ராட்டினங்களை இழுத்தன. பிலிப்பைன்ஸில் ஜீப்பின் பின்பக்கத்தை நீட்டி, கலர் கலராக பெயின்ட் அடித்து பயணிகளை ஏற்றினார்கள். அந்த நாட்டின் புகழ்பெற்ற 'ஜீப்னி' பிறந்தது அப்படித்தான்.

இருபது ஆண்டுகள் ஓடி, அவையும் பழுதாகி ஓரமாக நின்றபோதுதான் சிலர் விழித்துக்கொண்டார்கள். 'இப்படியே விட்டால் ஒன்றுகூட மிஞ்சாது' என்ற பயம். 1968-ல் இங்கிலாந்தில் ராணுவ வாகனப் பாதுகாப்புக்கான அமைப்பு தொடங்கியது. 1972-ல் நெதர்லாந்தில் 'கீப் தெம் ரோலிங்', 1976-ல் அமெரிக்காவில் 'எம்விபிஏ' என்று வரிசையாகச் சங்கங்கள் உருவாகின.

பெல்ட்ரிங்: ஒரு வயல்வெளி, ஒரு தலைமுறையின் நினைவு

இந்த ஆர்வலர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அடிக்கடி வரும் ஒரு பெயர், பெல்ட்ரிங். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ஒரு ஊர். பீருக்குக் கசப்பு தரும் 'ஹாப்' பூக்களை உலர்த்தும் கூம்புக் கூரை கட்டடங்கள் வரிசையாக நிற்கும் பண்ணை அது. 1982-ல் தொடங்கிய 'வார் அண்ட் பீஸ் ஷோ' என்ற நிகழ்ச்சி, நீண்ட காலம் ஜூலை மாதங்களில் நடந்தது அங்கேதான்.

டாங்கிகள் சேற்றில் ஓடிக் காட்டும் மைதானம் ஒருபக்கம். பதுங்குகுழி வெட்டி, கூடாரம் போட்டு, அந்தக் காலச் சமையல் பாத்திரம் வரை வைத்து வாழ்ந்து காட்டும் முகாம்கள் இன்னொருபக்கம். ஆனால், பழைய ஆட்களைக் கேட்டால் முதலில் சொல்வது கடைகளைத்தான். வரிசை வரிசையாக உதிரிபாகக் கடைகள். கார்புரேட்டர், மீட்டர், விளக்கு, கித்தான் துணி, துருப்பிடித்த போல்ட் டப்பா... நம்ம சென்னை புதுப்பேட்டையைத் தூக்கி ஒரு வயலில் வைத்த மாதிரி. பல வருஷமாகத் தேடிய ஒரு சின்ன பாகம் கிடைத்த அந்த நொடியை, கல்யாண நாளைச் சொல்வது போலச் சொல்வார்கள்.

அடுத்தது மழை. இங்கிலாந்தின் ஜூலை மழையில் வயல் சேறாகிவிடும். சாதாரண கார்கள் சிக்கிக்கொள்ளும். அப்போது இழுத்து வெளியே விடுவது யார்? 1940-களில் செய்த லாரிதான்!

2013-ல் அந்த நிகழ்ச்சி பெயரில் மாற்றத்துடன் ஃபோக்ஸ்டோன் குதிரைப் பந்தய மைதானத்துக்கு இடம் மாறியது. இடம் மாறினாலும், பலருக்கு இன்றும் அந்த நினைவின் பெயர் பெல்ட்ரிங்தான்.

ஒரு போல்ட்டில் என்ன இருக்கு?

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஜீப்பும் ஒன்றுதான். கூட்டத்தில் நின்று பேசினால்தான் வித்தியாசம் தெரியும்.

ஃபோர்டு நிறுவனம் தன் ஜீப்பின் பாகங்களிலும் போல்ட் தலைகளிலும் 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. மண்ணில் கிடைத்த ஒரு துருப்பிடித்த போல்ட்டை வைத்தே இது எந்தத் தொழிற்சாலை வண்டி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். முன்பக்கம் கம்பிகளைப் பற்றவைத்தது போல இருந்தால் தொடக்ககால வில்லிஸ். தகட்டை அழுத்தி ஒன்பது பிளவு போட்ட முகப்பு, ஃபோர்டு கொண்டு வந்தது. பிறகு வில்லிஸும் அதையே எடுத்துக்கொண்டது.

இன்னும் சுவாரஸ்யம், பெயின்ட். மேல் பெயின்ட்டை மெல்ல மெல்லத் தேய்த்து எடுத்தால், அடியில் போர்க்காலப் பதிவு எண் தெரியலாம். பம்பரில் எந்தப் படைப்பிரிவு என்ற குறியீடு தெரியலாம். அவசரக்காரர் மெஷினை வைத்துத் தேய்த்தால், பத்தே நிமிஷத்தில் அந்த வண்டியின் வரலாறு தூசியாகப் போய்விடும். கூட்டத்துக்குப் போய் ஒரு பெரியவரிடம் பேசியவர், கையால் தேய்க்கக் கற்றுக்கொண்டிருப்பார்.

ஓட்டுவதும் அப்படித்தான். பழைய லாரிகளில் கியர் மாற்ற கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். நம்ம ஊர் பழைய லாரி டிரைவர்களுக்கு இது தண்ணிபட்ட பாடு. ஷெர்மன் டாங்கியின் ஒரு வகையில் விமான இன்ஜின் வைத்திருப்பார்கள். கொஞ்ச நேரம் நின்றாலே கீழ் சிலிண்டர்களில் ஆயில் இறங்கிவிடும். கைப்பிடி போட்டுச் சுற்றி அதை வெளியேற்றாமல் ஸ்டார்ட் செய்தால், இன்ஜின் காலி. கையேட்டில் இது இருக்கிறது. ஆனால் சுற்றும்போது கைக்குத் தெரியும் அந்த இறுக்கம், பக்கத்தில் நின்று கற்றால்தான் வரும்.

கடலுக்கு அடியிலிருந்து வந்த டாங்கி

ஒரு வாகனம் எவ்வளவு பேச முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு.

இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் டோர்கிராஸ் என்ற ஊர். 1944 ஏப்ரல் இறுதியில், நார்மண்டி தரையிறக்கத்துக்கான ஒத்திகை அந்தப் பகுதியில் நடந்தது. ஏப்ரல் 28 அதிகாலை, ஒத்திகைக்கு வந்துகொண்டிருந்த கப்பல்களை ஜெர்மனியின் வேகப் படகுகள் தாக்கின. 700-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். பெரிய தாக்குதலின் ரகசியம் வெளியே தெரியக்கூடாது என்பதால், அப்போது இது பேசப்படவில்லை. பிறகும் பெரிதாகப் பேசப்படவில்லை.

அந்த ஊரில் வசித்த கென் ஸ்மால், கடற்கரையில் கிடைத்த தோட்டாக்களையும் பொத்தான்களையும் பார்த்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார். கடலுக்கு அடியில் ஒரு ஷெர்மன் டாங்கி கிடப்பது தெரிந்தது. அமெரிக்க அரசிடமிருந்து 50 டாலருக்கு அதை வாங்கினார். பல ஆண்டு போராட்டத்துக்குப் பின் 1984-ல் கரையேற்றினார். இன்றும் அது அங்கே கறுப்பாக நிற்கிறது. இறந்தவர்களின் குடும்பங்கள் பூ வைக்க ஓர் இடம் கிடைத்தது. ஒரு தனிமனிதரின் பிடிவாதம் இல்லையென்றால், அந்த இடமே இருந்திருக்காது.

ஓட்டலாமா, வேண்டாமா?

ஆர்வலர்களுக்குள் தீராத சண்டை இதுதான்.

இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் 'டைகர் 131' இருக்கிறது. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படை கைப்பற்றிய ஜெர்மன் டாங்கி. சுமார் 1,350 டைகர்-1 டாங்கிகள் தயாரிக்கப்பட்டன. உலகில் இன்று ஓடும் நிலையில் இருப்பது இது ஒன்றே. 2014-ல் வெளியான 'ஃப்யூரி' படத்தில் வந்ததும் இதேதான்.

50 டன்னுக்கும் மேற்பட்ட எடை. ஓட ஓடத் தேயும். தேய்ந்த பாகத்தைப் புதிதாகச் செய்து போட்டால், அது இன்னும் அதே டாங்கியா? 'கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக வையுங்கள்' என்கிறது ஒரு தரப்பு. 'ஓடாத இன்ஜின் வெறும் இரும்பு. அந்தச் சத்தமும் அதிர்வும் வரலாற்றில் சேராதா?' என்கிறது மறுதரப்பு. அருங்காட்சியகம் நடுவழியில் போகிறது. வருடத்தில் மிகச் சில நாட்கள் மட்டும் ஓட்டுகிறார்கள். அதைப் பார்க்கத்தான் கூட்டம் அலைமோதுகிறது.

இது போரைக் கொண்டாடுவது ஆகாதா?

நியாயமான கேள்வி. டாங்கியின் மேல் ஏறி செல்ஃபி எடுக்கும் குழந்தைக்கு, அதற்குள் வெந்து இறந்தவர்களைப் பற்றி யார் சொல்வது?

சிக்கல் கூடுவது சீருடை விஷயத்தில். ஜெர்மன் சீருடை அணிந்து வருபவர்கள் உண்டு. 'அதுவும் வரலாறுதானே' என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்தச் சீருடையால் குடும்பத்தை இழந்தவர்கள் அதே மைதானத்தில் நிற்கலாம். ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவது சட்டப்படி குற்றம். கல்வி, கலை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அப்படிச் சட்டம் இல்லாத நாடுகளில் இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பது பெரும்பாலும் நிகழ்ச்சி நடத்துபவர்கள் கையில்.

இதுவரை இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று இருந்தது. போரில் அந்த வண்டியை நிஜமாகவே ஓட்டிய வீரர் கூட்டத்துக்கு வருவார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். யாராவது ஜீப்பைப் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்துவார்கள். அதுவரை வீட்டில்கூட வாய் திறக்காதவர், ஸ்டீயரிங்கைத் தொட்டதும் பேச ஆரம்பிப்பார். அப்படி ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, யாருக்கும் அது விளையாட்டாகத் தோன்றாது.

இப்போது என்ன அவசரம்?

அந்த நாற்காலி காலியாகிக்கொண்டே வருகிறது. 1944-ல் 20 வயது என்றால், இன்று 100-ஐத் தாண்டியிருப்பார். 2024-ல் நடந்த 80-வது ஆண்டு நிகழ்வுக்கு வந்த வீரர்கள் பலரும் சக்கர நாற்காலியில்தான் வந்தார்கள்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 1968-ல் 25 வயதில் முதல் லாரியை வாங்கிய ஆர்வலருக்கு இப்போது 80-க்கும் மேல். வீரர்களிடம் நேரில் கேட்ட தலைமுறை இதுதான். எந்த வண்டி எந்தக் களஞ்சியத்தில் கிடைத்தது, யார் அதில் என்ன மாற்றம் செய்தார், அதை ஓட்டியவர் ஒரு மாலையில் என்ன சொன்னார் என்பதெல்லாம் இவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது. பெரும்பாலானது எந்த ஆவணத்திலும் கிடையாது.

அதனால்தான் 'அந்த வருஷம் பெல்ட்ரிங்ல மழை ஞாபகம் இருக்கா?' என்று தொடங்கும் பேச்சை வெறும் அரட்டை என்று தள்ளிவிட முடியாது. ஒரு பழைய போட்டோவைப் போட்டு 'இது என் வண்டிதான், அப்போ நம்பர் இது' என்று ஒருவர் சொன்னால், அந்த வண்டியின் வரலாற்றில் விட்டுப்போன ஒரு பக்கம் கிடைத்துவிடுகிறது. வண்டிக்கு உதிரிபாகம் செய்துவிடலாம். இதைச் செய்ய முடியாது.

நம்ம ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. போருக்குப் பின், 1940-களின் இறுதியில், வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பாகங்களாக இறக்கிப் பூட்டத் தொடங்கியது மஹிந்திரா. தேனி மாவட்டம் போடி, கம்பம் பக்கம் விடியற்காலையில் நின்று பாருங்கள். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள், அந்தப் போர்க்கால ஜீப்பின் வம்சாவளிதான்.

டாங்கிக்கும் நமக்கு உறவு இருக்கு. இந்தியாவில் தயாரான முதல் டாங்கியான விஜயந்தா, சென்னை ஆவடி தொழிற்சாலையில் உருவானது. இன்று பல ஊர்களில் அது நினைவுச்சின்னமாக நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது நாமும் பார்த்திருப்போம்.

ஆவடியில் அதைப் பூட்டியவர்கள், ராணுவத்தில் அதை ஓட்டியவர்கள் பலர் இன்று தாத்தாக்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், ஒரு நாள் மாலை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முடிந்தால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.