பானை அடியில் மிஞ்சுவது

எங்கள் வீட்டில் அரிசி அளக்கும் சுண்டு அம்மாவுடையது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமமே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, கொக்குவில் வீட்டிலிருந்து அம்மா தூக்கிவந்த உரப்பைக்குள் அது கிடந்தது. அடுத்த ஆண்டு எங்களோடு கொழும்புக்கு வந்தது. நான் கலியாணம் செய்து வெள்ளவத்தையில் குடியிருக்கத் தொடங்கி, இரண்டு பிள்ளைகளும் பிறந்து, அம்மாவும் எங்களோடு இருந்த காலத்தில் வீட்டில் ஐந்து பேர். மத்தியானத்துக்கு மூன்று சுண்டு அரிசி போடுவேன். சரியாகக் காணும்.

அம்மா 2014இல் காலமானார். மகள் 2018இல் ரொறன்ரோவுக்குப் போனாள். மகனுக்குக் கோட்டையில் வேலை கிடைத்தது. மத்தியானச் சாப்பாடு அவனுக்கு அங்கேதான். பகலில் வீட்டில் இருப்பது நானும் இவரும் மட்டும். ஆனாலும் 2023 வரை தினமும் நான் உலையில் போட்டது மூன்று சுண்டு. கை அப்படிப் பழகியிருந்தது.

நான் தையல்காரி. 1999இலிருந்து வீட்டில் இருந்தே சாறிச் சட்டை தைக்கிறேன். வருகிறவர்களின் அளவை எழுதிவைக்கும் கொப்பிகள் பதினொன்று இருக்கின்றன. பழைய கொப்பியையும் புதிய கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஊர் எப்படி மாறியது என்று தெரியும். கலியாணச் சட்டைக்கு 27 அங்குல இடுப்போடு வந்த பிள்ளை, தன் மகளின் சாமத்தியச் சடங்குக்குச் சட்டை தைக்க வரும்போது 37. என் இடுப்பை மட்டும் நான் பல வருடங்களாக அளக்கவில்லை. 2023 தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை, கதவைச் சாத்திவிட்டு அளந்தேன். 40 அங்குலம். நிறை 81 கிலோ, உயரம் 157 சென்ரிமீற்றர், வயது 50.

அளவு நாடாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்களுக்குத் தராசை விட அதுதான் உண்மையைச் சொல்லும். தெற்காசியப் பெண்ணுக்கு இடுப்பு 80 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது, ஆணுக்கு 90ஐத் தாண்டக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். 80 என்றால் எங்கள் தையல் கணக்கில் முப்பத்தொன்றரை அங்குலம். நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் பிஎம்ஐ கணக்கு உலகப் பொதுவில் 25ஐத் தாண்டினால் அதிகம். ஆசியர்களுக்கு 23இலேயே கவனம் வேண்டும், 27.5இல் ஆபத்து கூடிவிட்டது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. என்னுடையது 33க்குக் கிட்ட.

இந்த வித்தியாசம் ஏன் என்பதற்கு அதே 2004இல் லான்செற் மருத்துவ இதழில் வந்த ஒரு படம் நல்ல விளக்கம். பூனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் பிரித்தானிய மருத்துவர் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் யட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 வீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. அந்தக் கொழுப்பு வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றிச் சேரும்போது இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போகிறது. கை கால் மெல்லிசு, வயிறு மட்டும் முன்னே. எங்கள் கோயில் திருவிழாவில் நிற்கும் ஆம்பிளைகளில் பாதிப் பேரை இந்த வரியில் அடக்கலாம்.

இடுப்பை அளப்பதற்கு முன்னரும் மெலிய நான் பாடுபட்டிருக்கிறேன். மகள் போன 2018இல், தெரிந்த ஒருவர் சொல்லி, காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்கும் ஒரு மாவை வாங்கினேன். மூன்று மாதத்தில் 7 கிலோ இறங்கியது. காசு கட்டாமல் விட்டதும் ஒரு வருடத்தில் 9 கிலோ ஏறியது. விற்றவர் என்னைக் குறை சொன்னார்: உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை. அந்தச் சொல்லை ஐந்து வருடம் நான் நம்பினேன். வெட்கத்தில் யாரிடமும் பேசவில்லை.

அது பொய் என்று இப்போது தெரியும். மெல்பேர்ணில் பிரியா சுமித்ரன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 50 பேருக்குப் பத்துக் கிழமை மிகக் குறைந்த கலோரிச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள்; முடிவு 2011இல் வெளிவந்தது. சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. ஒரு வருடம் கழித்து இரத்தத்தைப் பார்த்தபோதும் பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தே நின்றது, கொழுப்புக் கையிருப்பு போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்ரின் தாழ்ந்தே நின்றது. குறைந்த நிறையில் ஒரு பகுதி திரும்பி வந்த பிறகும் பசி அடங்கவில்லை. உடம்பு பஞ்சம் வந்துவிட்டது என்று நினைக்கிறது. பஞ்சம் முடிந்த பிறகும் அதை மறப்பதில்லை. இதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

உடம்பின் அந்த நினைவு எனக்கு விளங்கும். 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு. சீனி கிடைக்காது, பனங்கட்டியைக் கடித்தபடி வெறும் தேத்தண்ணி. அம்மா சோற்றுப் பானையைக் கழுவ முதல் அடியைச் சுரண்டி உருட்டித் தருவா. “சோத்தைக் கொட்டினால் அது நாளைக்கு எங்களைத் தேடாது” என்பா. அந்தக் கையால் சாப்பிட்ட நான், 2023இல் மின்சார ரைஸ் குக்கரின் அடியில் ஒட்டிய சோற்றை எப்படிக் குப்பையில் போடுவேன்?

இடுப்பை அளந்த கிழமை, அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையம் ஒன்றுக்குப் போனேன். 2011இல் தொடங்கிய திட்டம் அது. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு நிறை, பிரஷர், சீனி எல்லாம் காசில்லாமல் பார்க்கிறார்கள். எங்கள் ஆட்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வருத்தம் முற்றிய பிறகு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறோம். வெறும் வயிற்றில் சீனி 112. நூறுக்குக் கீழே இருக்கவேண்டும். 126 என்றால் நீரிழிவு. நான் இடையில் நின்றேன்.

அங்கே இருந்த நர்ஸ் தங்கச்சி, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் கேட்கவில்லை.

“அன்ரி, வீட்டில எத்தனை பேர்? எத்தனை சுண்டு போடுறீங்க?”

சொன்னேன்.

“ரெண்டு பேருக்கு மூண்டு சுண்டா? மிச்சத்தை ஆர் சாப்பிடுறது?”

இவர் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். நானும் அவரோடு சாப்பிடுவேன். மூன்று மணிக்குத் தையல் மெசினை விட்டு எழும்பி, குக்கரில் கிடக்கும் சோற்றை மீன் சட்டியில் போட்டுப் பிசைந்து, நின்றபடியே சாப்பிடுவேன். இரவுக்கு இவருக்கும் மகனுக்கும் இடியப்பம் அல்லது பிட்டு வேண்டும், பழஞ்சோறு எடுபடாது. காகத்துக்கு ஒரு கைப்பிடி. மற்றது எனக்கு. அதை நான் சாப்பாடு என்று எண்ணியதே இல்லை. பானை காலியாக்குவது வீட்டு வேலை.

ஒரு சுண்டு அரிசி ஏறத்தாழ 200 கிராம், 700 கலோரி. மூன்று மணிக்கு நான் சாப்பிட்டது அரைச் சுண்டு என்று வைத்தாலும் 350. மரைன் டிரைவில் கடலையும் ரயில் பாதையையும் பார்த்தபடி ஒரு மணித்தியாலமாவது வேகமாக நடந்தால்தான் அது கரையும். 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் எல்லா இடத்துக்கும் நடந்தும் ஏன் மெலியவில்லை என்று அன்றுதான் விளங்கியது. நான் சாப்பிட்டது அம்மாவின் சோறும் மகளின் சோறும்.

அடுத்த நாள் ஒன்றரைச் சுண்டு போட்டேன். சொல்வது சுலபம். குக்கருக்குள் அந்தக் கொஞ்ச அரிசியைப் பார்க்க வீட்டில் செத்தவீடு நடந்தது போல் இருந்தது. இவர், “என்னப்பா, சோறு காணாதே? ஆரும் வந்தால்?” என்றார். ஆரும் வந்தால் என்ற கேள்விதான் எங்கள் வீடுகளில் பானையைப் பெரிதாக்குவது. வந்தால் பாண் வாங்கலாம் என்றேன். இந்த இரண்டு வருடத்தில் அப்படி வாங்கியது நாலு தடவை.

பிறகு கோப்பை மாறியது. முதலில் பாதிக் கோப்பைக்கு மரக்கறியும் இலைக்கறியும், கால்வாசி மீன் அல்லது பருப்பு, மிச்சக் கால்வாசிக்குத்தான் சோறு. முன்பெல்லாம் சோறு நடுவில் குவியும், கறிகள் சுற்றிப் பொட்டுப் பொட்டாக இருக்கும். வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி வறை, முருங்கையிலை: இவை வெள்ளவத்தைச் சந்தையில் இன்றும் மலிவு. 2022 செப்ரெம்பரில் கொழும்பில் உணவு விலை ஒரு வருடத்துக்குள் 94.9 வீதம் ஏறியிருந்த நேரத்தில் பழமும் முட்டையும் எட்டாத பொருளாகின. அதனால் “சத்தாகச் சாப்பிடுங்கள்” என்று வெறுமனே சொல்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. ஒரு கட்டு வல்லாரையைச் சொல்லுங்கள், சனம் கேட்கும்.

தேங்காயைக் குறைக்க வைத்தது என் வைராக்கியம் அல்ல, விலை. ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டபோது பாதித் தேங்காயில் சொதியும் வறையும் முடித்தேன். நடுத்தரத் தேங்காய் ஒன்றில் 1,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதான் கஷ்டம். மரக்கறிச் சாப்பாடு என்று பெயர். அப்பளம், மோர்மிளகாய், கத்தரிக்காய்ப் பொரியல், பாயாசம் என்று எண்ணெயும் சீனியும் மற்ற நாளை விடக் கூட. இப்போது வெள்ளிக்குப் பொரிப்பது ஒன்று மட்டும்.

வெள்ளை அரிசியை விட்டுச் சிவப்பரிசிக்கு மாறினால் போதும் என்று நினைக்கிறவர்கள் பலர். தவிடு இருப்பதால் சீனி மெதுவாக ஏறும், அது நல்லது. ஆனால் கலோரி ஏறத்தாழ அதே அளவு. இரண்டு கோப்பை சிவப்புச் சோறு இரண்டு கோப்பை சோறுதான். இன்னொன்றும் இருக்கிறது. 2015இல் கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரி மாணவர் சுதைர் ஜேம்ஸ், பேராசிரியர் புஷ்பராஜா தவராஜாவின் வழிகாட்டலில், இலங்கையின் 38 அரிசி வகைகளை எடுத்து ஆராய்ந்தார். கொதிநீரில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு அரிசியை அவித்து, 12 மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், குடலில் செரிக்காத மாச்சத்து கூடுகிறது என்று கண்டார். திரும்பச் சூடாக்கினாலும் அது போவதில்லை. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஆய்வுகூடத்துக் கணக்கு அது, மனிதருக்குக் கொடுத்து அளந்தது அல்ல. நான் செய்து பார்த்தேன்; சோறு உதிரியாக, நன்றாகவே இருந்தது. பழஞ்சோற்றின் ஞாபகம் வந்தது. அதற்காக அளவைக் கூட்டவில்லை.

தேத்தண்ணி கடைசியாகத்தான் பணிந்தது. ஒரு நாளைக்கு நாலு பால் தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி: 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது. நான் நிறுத்தவில்லை. மாதம் ஒரு கால் கரண்டி என்று இறக்கினேன். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு தேத்தண்ணி, அரைக் கரண்டி. கடைச் சோடாப் போத்தலில் 2016இல் வந்த, சீனியின் அளவைக் காட்டும் நிற வட்டத்தையும் பார்க்கப் பழகிவிட்டேன். சிவப்பு என்றால், 2016 விதிப்படி, 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி.

ஞாயிறுகளில் கொட்டாஞ்சேனைக்கு, அக்கா வீட்டுக்குப் போவேன். அவவுக்கு 58 வயது. பன்னிரண்டு வருடமாக நீரிழிவு. இடது காலில் ஒரு விரல் இல்லை. 2005–2006இல், வடக்கும் கிழக்கும் தவிர்ந்த ஏழு மாகாணங்களில் வளர்ந்தவர்களிடம் எடுத்த ஆய்வில் கிராமத்தில் நூற்றுக்கு 8.7 பேருக்கு நீரிழிவு என்றால் நகரத்தில் 16.4. ஊரில் கிணற்றில் அள்ளி, தோட்டத்துக்கு நடந்த நாங்கள் இங்கே லிப்டில் ஏறி இறங்குகிறோம், அதே சோற்றைச் சாப்பிடுகிறோம். என்னைக் கண்டதும் அக்கா சொன்னது: “என்னடி மெலிஞ்சு போனாய்? ஏதும் வருத்தமோ?” உடம்பு என்றால் எங்களுக்குச் சுகம், மெலிவு என்றால் வருத்தம். அக்காவின் கோப்பையில் விழும் மூன்றாவது கரண்டிச் சோறு அன்பு. அதை மறுக்க நான் இன்னும் முழுதாகப் படிக்கவில்லை. கோப்பையைக் கையால் மூடி, “காணும் அக்கா, மீனைத் தாங்கோ” என்கிறேன். மீன் வருகிறது. சோறும் கொஞ்சம் வருகிறது.

சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வை அக்காவின் மகளுக்குத்தான் அடிக்கடி சொல்கிறேன். நீரிழிவின் வாசலில் நின்றவர்கள் சாப்பாட்டையும் நடையையும் மாற்றியதால், அது வரும் வாய்ப்பு 28.5 வீதம் குறைந்தது. பெரிதாக மெலியாமலேயே. தராசு அசையவில்லை என்று விடாதே பிள்ளை, உள்ளே ஏதோ நடக்கிறது என்று சொல்வேன். அவளுக்கு 29 வயது, இடுப்பு 35.

எனக்கு இப்போது 73 கிலோ. இடுப்பு 36. சீனி 101. ஆறு மாதமாக இதற்குக் கீழே இறங்கவில்லை, ஏறவும் இல்லை. பசி இருக்கிறது, மூன்று மணிக்கு அதே நேரத்துக்கு வருகிறது. அப்போது ஒரு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டு, பொத்தான் கட்டுகிற வேலையை எடுப்பேன்; கை நிறைந்திருக்கும்.

ஆவணியில் மகள் வருகிறாள், மருமகனோடு. இரண்டு கிழமை நிற்பார்கள். மகனும் லீவு போடுகிறேன் என்கிறான். அந்த நாட்களுக்கு மூன்று சுண்டு போடவேண்டும். சுண்டைப் புளி போட்டு மினுக்கி வைத்திருக்கிறேன்.