முடியளவு தவறு, திரையளவு மங்கல்

லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே 52 மில்லிமீட்டர். அதைக் காப்பது சினிமாவின் சத்தமில்லாத வேலை.

படப்பிடிப்பில் காட்சி மங்கலாக வந்தால் முதலில் திட்டு வாங்குபவர் ஃபோகஸ் புல்லர். டேப் பிடித்து அளந்த தூரத்துக்கே லென்ஸ் வளையத்தைத் திருப்பியிருப்பார். நடிகையும் தரையில் குறியிட்ட இடத்தில்தான் நின்றிருப்பார். ஆனாலும் அவரது கண்கள் மங்கலாக, பின்னால் உள்ள சுவர் பளிச்சென்று தெரியும். மனிதர் மீது தவறில்லை என்றால் சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு: கேமராவின் பேக் ஃபோகஸ்.

விஷயம் எளிமையானது. லென்ஸ் வந்து அமரும் உலோக வளையத்துக்கும் பிம்பம் விழும் தளத்துக்கும் இடையே உள்ள தூரம் இம்மி பிசகக் கூடாது. சினிமா கேமராக்களில் பரவலாக உள்ள பிஎல் மவுண்ட்டில் இது 52 மி.மீ. டெலிவிஷன் கேமராக்களின் பி4 மவுண்ட்டில் 48 மி.மீ. லென்ஸில் பொறித்திருக்கும் தூர அளவுகள் எல்லாம் இந்த எண்ணை நம்பியே பொறிக்கப்பட்டவை.

எவ்வளவு பிசகினால் ஆபத்து? ஒரு தலைமுடியின் தடிமனில் பாதி போதும். 18 மி.மீ. வைட் லென்ஸை மாட்டிய கேமராவில் இந்தத் தூரம் 0.03 மி.மீ. கூடிவிட்டதாக வைத்துக்கொள்வோம். வளையத்தை 'இன்ஃபினிட்டி'யில் வைத்தாலும் லென்ஸ் கூர்மையாகப் பார்ப்பது சுமார் 11 மீட்டர் தூரத்தைத்தான். தொலைவில் தெரியும் கோட்டையும் மலையும் கரைந்துவிடும். அதே தவறு 100 மி.மீ. லென்ஸில் நேர்ந்தால் அந்த எல்லை 333 மீட்டருக்குத் தள்ளிப்போகும். கண்ணில் படாமலே தப்பிவிடலாம். வைட் லென்ஸ்தான் குட்டை உடைக்கும். 24 மி.மீ. அகலச் சென்சாரில் விழும் பிம்பம் 12 மீட்டர் திரையில் 500 மடங்கு பெரிதாகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் சிக்கலின் அளவு புரியும்.

பிலிம் காலத்தில் தலைவலி இரட்டிப்பாக இருந்தது. ஒளிப்பதிவாளர் வியூஃபைண்டரில் பார்த்தது பிலிமை அல்ல; சுழலும் கண்ணாடி திருப்பிவிட்ட பிம்பத்தை, ஒரு தேய்த்த கண்ணாடியின் மீது. அந்தக் கண்ணாடியும் பிலிமும் லென்ஸிலிருந்து சம தூரத்தில் இல்லாவிட்டால் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிந்தது பிலிமில் மங்கலாகப் பதியும். லேபிலிருந்து ரஷ் வரும்வரை யாருக்கும் தெரியாது. அதற்குள் செட்டைப் பிரித்திருப்பார்கள்.

டிஜிட்டலில் சென்சார் பார்ப்பதையே மானிட்டரும் காட்டுகிறது. அதனால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால் ஏமாற்றமே. ஏழு அங்குல மானிட்டரில் மறைந்துகொள்ளும் மங்கல் தியேட்டரில் அம்பலமாகும். இதில் வெயிலும் கூட்டுச் சேரும். அலுமினியத்தால் ஆன 52 மி.மீ. பாகம் ஒன்று 30 டிகிரி சூடேறினால் சுமார் 0.036 மி.மீ. நீளும். லடாக்கின் விடியற்காலைக் குளிரிலும் ராஜஸ்தானின் நண்பகல் வெயிலிலும் ஒரே கேமரா வேலை செய்யவேண்டிய நாடு இது. லாரிப் பயணத்தின் குலுக்கல் தனிக் கணக்கு.

சோதிக்கும் முறையில் ரகசியம் எதுவும் இல்லை. கேமராவை ஆன் செய்து, வேலை செய்யும் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிட வேண்டும். லென்ஸின் அபர்ச்சரை முழுதாகத் திறந்து, மையத்திலிருந்து கதிர்களாக விரியும் சார்ட்டைக் கேமராவின் எதிரே வைக்க வேண்டும். தூரத்தை அளக்கவேண்டியது லென்ஸ் முனையிலிருந்து அல்ல; கேமராவின் பக்கவாட்டில் பிம்பத் தளத்தைக் காட்டும் குறியிலிருந்து. கண்ணால் பார்த்து ஃபோகஸ் செய்தபின் வளையம் காட்டும் எண்ணும் டேப் காட்டும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஜூம் லென்ஸ் என்றால் இன்னும் சுலபம்: முழுக்க நெருங்கிப் போய் ஃபோகஸ் செய்து, அப்படியே அகலத்துக்கு வரவேண்டும். வழியில் படம் மங்கினால் தூரம் தவறு.

அதற்காக உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கக் கூடாது. தவறு லென்ஸிலும் இருக்கலாம். ஒரு லென்ஸின் கோளாறுக்காகக் கேமராவைத் திருத்தினால் பெட்டியில் உள்ள மற்ற லென்ஸ்கள் அனைத்தும் தவறாகிவிடும். எனவே முதலில் லென்ஸைக் கொலிமேட்டர் என்ற கருவியில் வைத்துத் தனியே சோதிப்பார்கள். லென்ஸ் நிரபராதி என்று தெரிந்த பிறகே கேமராவின் முறை. சில கேமராக்களில் மவுண்ட்டைத் திருகியே சரிசெய்யலாம். மற்றவற்றில் மவுண்ட்டுக்குப் பின்னால் ஷிம் எனப்படும் மெல்லிய உலோக வளையங்களைச் சேர்த்தோ எடுத்தோ தூரத்தைத் திருத்துவார்கள்.

இந்தியாவில் கேமராவை வாடகைக்கு எடுத்தால் கூடவே அட்டெண்டன்ட்டும் வருவார். பெட்டியைத் தூக்குபவர் என்று மட்டும் பார்க்கப்படும் இவர்தான் கேமராவின் உடல்நிலையை அறிந்தவர். ஷூட்டிங்குக்கு முன் அவருக்கும் ஃபோகஸ் புல்லருக்கும் ஒரு டெஸ்ட் நாள் தேவை. அதை மிச்சம் பிடிக்கும் தயாரிப்பாளர் சேமிப்பது ஒரு நாள் வாடகையை. படம் மங்கினால் திரும்ப எடுக்கவேண்டியதோ நட்சத்திரம், செட், யூனிட் உட்பட முழு நாளை.